கறுப்பான ம்லுங்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜொகன்னஸ்பர்க்கில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இங்கே கடைத்தெருக்களில் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு, நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் வழக்கமாகப் போகும் இடத்தில் இருப்பவர் என்னைக் கண்டதும் கையை உயர்த்தி “ம்லுங்கு வாமி!” என்பார். “என் வெள்ளைக்காரரே” என்று பொருளாம். நானோ அசல் திருநெல்வேலிக் கறுப்பு. கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அலுவலகத்தில் வெள்ளைக்கார நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. “அது வசவு. கடல் ஒதுக்கும் அழுக்கு நுரை என்று அர்த்தம்” என்றார். ஜூலு தோழி ஒருவரோ, அப்படியெல்லாம் இல்லை, மரியாதைதான் என்கிறார். எது சரி? அந்த மனிதரிடம் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நுரைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் அதைச் சொல்லாதவர் இல்லை. வெள்ளையர் கடல்வழியே வந்தார்கள், கரையில் ஒதுங்கும் வெண்ணுரை மாதிரி இருந்தார்கள், அதனால் அந்தப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூலுவிலும் கோசாவிலும் நுரைக்கு உள்ள சொல் ‘இக்வேபு’. இதற்கும் ம்லுங்குவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இன்னொரு கூட்டம் ‘லுங்கா’ என்ற வினையைப் பிடித்துக்கொள்கிறது. சரியாக இருத்தல், நன்றாக இருத்தல் என்று அதற்குப் பொருள். அதாவது வெள்ளையருக்கு நற்சான்றிதழ். எனக்கு இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. (சுவாஹிலியின் ‘ம்சுங்கு’வையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அது சுற்றித் திரிவதைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது.)

இலக்கணத்தைப் பார்த்தால் சொல் சாதுவாகவே இருக்கிறது. ஒருவர் என்றால் உம்லுங்கு, பலர் என்றால் அபெலுங்கு. கூப்பிடும்போது முதல் உயிரெழுத்து விழுந்து ‘ம்லுங்கு’ ஆகிவிடும். ஜூலு, கோசா உள்ளிட்ட ங்குனி மக்களுக்கு அபெங்குனி, சோத்தோ மக்களுக்கு அபெசுத்து என்று சொல்வதும் இதே வார்ப்புதான். முன்னொட்டை மாற்றி ‘இசிலுங்கு’ என்றால் வெள்ளையரின் மொழி, பழக்கவழக்கம். ‘உமுத்தி வெசிலுங்கு’ என்றால் நாம் இங்கிலீஷ் மருந்து என்கிறோமே, அது. ‘எசிலுங்வினி’ என்றால் வெள்ளையர் இருக்கும் பக்கம், அதாவது கிராமத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகிற நகரம்.

அப்புறம் இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், போண்டோ மக்களின் நாட்டில், அபெலுங்கு என்றே ஒரு குலம் இருக்கிறது. கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஐரோப்பியர்களின் வழிவந்தவர்கள். அந்தக் கடல் கப்பல்களுக்கு எமன். நம்மூர்த் தொடர்பும் உண்டு. சென்னையிலிருந்து கிளம்பி, திருகோணமலையைத் தொட்டு, லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘குரோவ்னர்’ என்ற கம்பெனிக் கப்பல் 1782 ஆகஸ்ட் 4 அன்று அங்கேதான் பாறையில் மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு கரை ஏறினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைச் சிறுமி அங்கேயே வளர்ந்து ஒரு தலைவரை மணந்திருக்கிறாள். கடலின் இரைச்சலைக் குறிக்கும் ‘குமா’ என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு சொடுக்கொலி வரும், தமிழில் எழுத வழியில்லை. அந்தப் பகுதியில் ஒருவரைக் குலப்பெயர் சொல்லி அழைப்பது பெரிய மரியாதை. நிறத்திலும் மொழியிலும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாத ஒருவர், அந்தப் பெயரில் அழைக்கப்பட்டால் மகிழ்ந்துபோவார். அழுக்கு நுரை என்றால் அந்தப் பெயரை யாராவது தலைமுறை தலைமுறையாகச் சுமப்பார்களா?

உங்களுக்குக் கிடைத்த ம்லுங்கு அந்த வகையல்ல. அது சம்பளத்தின் வழியாக வந்தது. சுரங்கத்திலும் பண்ணையிலும் வீட்டு வேலையிலும் கூலி கொடுத்தவன் வெள்ளைக்காரனாகவே இருந்ததால், ‘உம்லுங்கு வாமி’ என்பது ‘என் முதலாளி’ என்றாகிவிட்டது. இன்று ஒரு கறுப்பின மருத்துவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் தன் எசமானியை அப்படிச் சொல்லக்கூடும். இலங்கை மலையகத்தில் தோட்ட நிர்வாகி சிங்களவரோ தமிழரோ, இன்றும் பெரிய துரை, சின்ன துரைதானே? கார் பார்க்கிறவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, நாம் கொடுக்கும் சில்லறைதான். சில இடங்களில் அங்கே நிற்பதற்கே அவர்கள் யாருக்காவது பணம் கட்ட வேண்டும். அந்த நிலையில் ‘ம்லுங்கு வாமி’ என்பது பாதி வாழ்த்து, பாதி விண்ணப்பம். அவர் காங்கோவிலிருந்து வந்தவராகக்கூட இருக்கலாம், அந்தத் தொழிலில் காங்கோக்காரர்கள் நிறைய. அப்படியானால் அந்தச் சொல்லைத் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்.

குத்தல் இல்லாத சொல் என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு பணக்காரப் பகுதிக்குக் குடிபோன கறுப்பினத்தவரை ‘உம்லுங்கு ஓம்ன்யாமா’, கறுப்பு வெள்ளைக்காரன், என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அது நன்றாகவே சுடும். ஆனால் வெள்ளையரைத் திட்டியே தீரவேண்டும் என்றால் அரசியல் மேடையில் எடுக்கும் சொல் வேறு. ‘இபுனு’, அதாவது போயர், டச்சு வழிவந்த வெள்ளையர். நீதிமன்றம் வரை போனதும் அந்தச் சொல்தான், உம்லுங்கு அல்ல.

உங்கள் நண்பர் முகம் சுருங்கியது எனக்குப் புரிகிறது. ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு வசவைக் கண்டுபிடிக்க முடியாது. நேட்டாலில் நம்மவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். முனுசாமி, ராமசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு வெள்ளையர்கள் எல்லா இந்தியர்களையும் ‘சாமி’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சூடு உள்ளவர்கள் “சாமி என்றால் எசமான். நான் உனக்கு எசமான் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்ததைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் அழைத்தார்கள். அந்தக் கூலிதான் ஜூலுவில் ‘இகுலா’ ஆகி, இன்றும் இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாக இருக்கிறது. உங்களை அப்படி யாராவது கூப்பிட்டால் அவசியம் கோபப்படுங்கள்.

ஒரு வழக்கையும் சொல்லவேண்டும், தற்செயலாக அதுவும் கார் நிறுத்தும் தகராறுதான். பிளாட்டினம் சுரங்கமொன்றில், தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற வண்டியைப் பற்றிப் புகார் செய்யப்போன வெள்ளைக்காரத் தொழிலாளி, வண்டிக்காரரை ‘ஸ்வார்ட் மான்’ என்று சொன்னதற்காக வேலை இழந்தார். ஆப்பிரிக்கான்ஸில் அதற்குக் ‘கறுப்பு மனிதர்’ என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது. தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது வெறும் அடையாளச் சொல் என்றது. அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் அதைத் திருப்பிப் போட்டது. அந்த நாட்டின் வரலாற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, அது நடுநிலையான சொல் என்று தொடங்குவதே பிழை என்றது. சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம்.

ஆகவே உங்கள் தோழி சொன்னதுதான் நடைமுறைக்குச் சரி, ஆனால் அந்த மரியாதை உங்களுக்கல்ல, உங்கள் காருக்கு. அவரைத் திருத்தப் போகாதீர்கள். “என்னை அப்படிக் கூப்பிடாதே” என்பதும் ஒரு முதலாளியின் உத்தரவாகத்தான் அவர் காதில் விழும். பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் ‘பாபா’ என்று அழைக்கலாம், அப்பா என்று பொருள். ஏறக்குறைய உங்கள் வயது என்றால் ‘ம்ஃபோவெத்து’, சகோதரா. அவர் என்ன சொல்லித் திருப்பிக் கூப்பிடுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.