சீனி கம்மின்னு சொன்னாலும் தே இனிக்குதே! – வாசகர் கேள்வி பதில்

மலேசிய வாசகர்கள் எழுதிய இந்த மாதக் கடிதங்களில் தேத்தண்ணியும் பில்லும்தான் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லிவிட்டார். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒவ்வொரு தடவையும் 'தே தாரிக் குராங் மானிஸ்', அதாவது இழுத்து ஆற்றிய பால் தே, இனிப்புக் குறைவாக என்றுதான் கேட்கிறேன், வருவது என்னவோ பாயசம் மாதிரி இருக்கிறது. கடைக்காரர் என் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லையா? – செந்தூல் வாசகி

பதில்: வாங்குகிறார் அக்கா, பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான். தே தாரிக்கில் சீனி என்று தனியாக ஒன்றைப் போடுவது வழக்கமில்லை, இனிப்பு முழுக்க டின் கெட்டிப்பாலில்தான் இருக்கிறது, அந்தப் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. அடுத்த தடவை தே கலக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். துணி வடிகட்டியைத் தூக்கிப் பிடித்துச் சாயத்தை வடிப்பார், அதற்கு முன்பே குவளையின் அடியில் கெட்டிப்பால் வெள்ளையாகப் படிந்திருக்கும், அப்புறம் இரண்டு குவளைக்கும் நடுவே கையை நீட்டி இழுத்து ஆற்றுவார். நீங்கள் 'குராங் மானிஸ்' என்றதும் அந்தப் படிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கு மேல் குறைத்தால் பாலும் சேர்ந்து குறைந்துவிடும், தே கறுத்து, துவர்த்து, 'என்ன அண்ணே இது' என்று நீங்களே திருப்பிக் கொடுப்பீர்கள். பாலும் சீனியும் ஒரே டின்னில் இருக்கும்வரை அவரால் ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க முடியாது.

அதனால் தே சி கேளுங்கள். அதில் ஊற்றுவது சீனி சேராத, சுண்டவைத்த டின் பால், சீனியைக் கரண்டியில் தனியாகப் போடுவார்கள். 'தே சி குராங் மானிஸ்' என்றால் பால் முழுசாக இருக்கும், சீனி மட்டும் குறையும், 'தே சி கோசோங்' என்றால் சீனியே இருக்காது. சில கடைகளில் விலை கொஞ்சம் கூட இருக்கும், பரவாயில்லை, மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, நாம் கெட்டிப்பால் என்று வாங்குகிற டின்னின் லேபிளைக் கடையில் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பல டின்களில் 'கிரிமர் மானிஸ்' என்றுதான் போட்டிருக்கும், பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்தது. குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கலாமே.

சரி, கோப்பிக்கு மாறிவிடலாம் என்று நினைத்தால், நம் ஊர் கோப்பிக் கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள், அந்த அடர்ந்த கறுப்பும் லேசான கருகல் மணமும் அதனால் வருவதுதான். ஈப்போ வெள்ளைக் கோப்பி என்கிறார்களே, அதற்கு வறுக்கும்போது சீனி சேர்ப்பதில்லை, மார்ஜரின் மட்டும்தான். ஆனால் குடிக்கக் கொடுக்கும்போது அதிலும் கெட்டிப்பாலைக் கொட்டிவிடுகிறார்கள், அது வேறு கதை. மைலோ தூளை மேலே தூவிக் கொடுக்கிற மைலோ தாபூர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: பங்சாரில் ஒரு ரெஸ்டாரண்டில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். பில்லில் 10 விழுக்காடு ஒரு வரி, 6 விழுக்காடு ஒரு வரி. சேவை வரி 8 ஆகிவிட்டது என்று மருமகன் சொல்கிறார். யார் சொல்வது சரி? – பெட்டாலிங் ஜெயா வாசகர்

பதில்: ரெண்டு பேரும் பாதி சரி. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது உண்மைதான், ஆனால் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் பழைய 6 விழுக்காட்டையே விட்டுவைத்தார்கள். அந்த 10 இருக்கிறதே, அது வரியே கிடையாது, கடை தனக்காக வாங்கிக்கொள்ளும் சேவைக் கட்டணம். அரசாங்கத்துக்குப் போவது 6 மட்டும். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த 10 இருக்கும், அதைப் படித்துவிட்டு உட்காருவதா எழுந்து போவதா என்று முடிவு பண்ணுங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டுச் சண்டை போடுவதில் மரியாதை இல்லை.

வரி வாங்குவதற்கும் எல்லாக் கடைக்கும் உரிமை கிடையாது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய சாப்பாட்டுக் கடைகள்தான் பதிவு செய்துகொண்டு வசூலிக்க வேண்டும், ரசீதில் பதிவு எண் இருக்கும். எண் இல்லாமல் 6 விழுக்காடு போட்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். மருமகனிடம் இதைச் சாப்பிடும்போது சொல்லாமல் அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்குக்குப் போனால் நாசி கண்டார் கடையில் ஒரே மாதிரி சாப்பாட்டுக்கு ஒரு நாள் ஒரு விலை, மறுநாள் வேறு விலை. போதாததற்கு எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிவிடுகிறார்கள். தனித்தனியாக ஊற்றச் சொல்லலாமா? – கிள்ளான் வாசகர்

பதில்: ஐயா, தனித்தனியாகக் குழம்பு வேண்டுமென்றால் கிள்ளானிலேயே வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாமே! நாசி கண்டாரின் ருசியே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, கொஞ்சம் பருப்புத் தால்சா, அதன்மேல் கறுப்பாக இனிப்பும் உறைப்புமாக ஒரு கீச்சாப் (சோயா சாஸ்) கறிச் சாறு, எல்லாம் சோற்றில் இறங்கி ஒன்றோடொன்று சேரும்போது வருகிற ருசி எந்தத் தனிச் சட்டியிலும் கிடையாது. 'கூவா சம்போர்' (கலந்த குழம்பு) என்று சொல்லுங்கள், வெள்ளமாக வேண்டுமென்றால் 'பஞ்ஜிர்'. வெண்டைக்காய் ரெண்டு கேளுங்கள், அது குழம்பைக் குடித்துவிட்டு வாயில் வெடிக்கும். பொரித்த கோழியைச் சோற்றின் மேல் வைக்க விடாதீர்கள், ஓரமாக வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.

தோளில் காவுத்தடி போட்டு, ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் கறியுமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் வியாபாரம் இது. கேம்பல் தெருவில் 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது. அந்தக் காலத்தில் கூடையைப் பார்த்து விலை சொன்ன பழக்கம் இன்னும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பல கடைகளில் இன்றைக்கும் தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறார்கள். உங்கள் விலை ஏறி இறங்குவது பெரும்பாலும் மூன்று பொருளால்தான் இருக்கும்: பெரிய இறால், கணவாய் முட்டை, மீன் தலை. இவை அளவுக்கு ஏற்ப விலை. கரண்டி சட்டிக்குள் போவதற்கு முன்னால் 'பாய், இது எவ்வளவு' என்று கேட்டுவிடுங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முறைப்பார், முறைத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அமாவாசைக்கு எங்கள் வீட்டில் சைவம். அன்றைக்குச் சமைக்க அலுப்பாக இருந்ததால் பக்கத்தில் இருக்கும் சீனச் சைவக் கடைக்குப் போனால் உட்கார இடமில்லை. மற்ற நாள் காற்று வாங்கும். அவர்களுக்கும் அமாவாசை உண்டா? – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: உண்டு, கிட்டத்தட்ட அதே நாள்! சீன மாதம் அமாவாசையில் பிறக்கிறது. மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பக்தியுள்ளவர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும். நாமும் அவர்களும் ஒரே நிலாவைப் பார்த்து ஒரே கடை வாசலில் போய் நிற்கிறோம். அந்த இரண்டு நாட்களில் பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

அந்தக் கடைகளில் பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள், உங்கள் மாமியாருக்குச் சந்தோஷமாக இருக்கும். 'மட்டன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் காளான் தண்டும் சோயாவும். நார் நாராகப் பிரிவது தண்டினால் வருவது. இது நம் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே மிளகு போட்டுப் பிரட்டலாக வந்துவிட்டது, தாத்தாமார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொட்டலமாக வாங்கும்போது மட்டும் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் இருக்கும்.

ஆபத்து சைவக் கடையில் இல்லை, மற்றக் கடைகளில்தான். கலப்புச் சோற்றுக் கடையில் 'சாயூர்' என்று கேட்டால் காய்கறி வரும், கூடவே நெத்திலியும் வரும். கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான், அது இறாலை அரைத்துப் புளிக்கவைத்தது. ரோஜாக் என்கிற பழக் கலவையில் ஊற்றும் கறுப்புச் சாந்திலும் இறால் உண்டு. பினாங்கு ஆசாம் லக்சா மீன் சாறு, கேட்கவே வேண்டாம். நம் மாமாக் கடைத் தால்சாவிலும் பல இடங்களில் எலும்பு போட்டுக் கொதிக்கவைப்பார்கள், பருப்புதானே என்று ரொட்டிக்கு ஊற்றிக்கொள்கிற சைவக்காரர்கள் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பக்கத்து மேசைக்காரர் புகை விட்டுக்கொண்டே இருக்கிறார். திறந்தவெளி மேசை, ஒன்றும் சொல்ல முடியாது என்கிறாரே? – அம்பாங் வாசகர்

பதில்: சொல்லலாம். 2019 ஜனவரி 1 முதல் எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் புகைபிடிக்கத் தடை, திறந்தவெளி மேசையும் சேர்த்துத்தான். பிடிக்க வேண்டுமென்றால் கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போகவேண்டும். நேராக அவரிடம் மோதாமல் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அது அவர் பொறுப்பும்தான்.

கேள்வி: பினாங்கில் ஜாதிக்காய் ஜூஸ் என்று எழுதியிருந்தது. ஜாதிக்காயை மருந்துக்கு உரைத்துத்தான் பார்த்திருக்கிறேன், அதையா பிழிகிறார்கள்? – ரவாங் வாசகி

பதில்: உரைப்பது கொட்டை, பிழிவது அதைச் சுற்றியிருக்கும் சதை. பழத்தைப் பிளந்தால் நடுவில் கொட்டை, அதன்மேல் சிவப்பு வலையாக ஜாதிபத்திரி, வெளியே மஞ்சள் தோலோடு தடித்த சதை. பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் உண்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து நட்ட பயிர். ஜூஸில் இரண்டு வகை உண்டு, பச்சையாக அரைத்த வெள்ளை, சீனியில் காய்ச்சிய பழுப்பு. வெள்ளையைக் கேளுங்கள், உப்புப் புளிப்பாக ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) ஒன்று மிதக்கும், முதல் வாயில் மருந்து வாடை அடிக்கும், மூன்றாவது வாயில் பிடித்துப்போகும். பழுப்பு எனக்கு ரொம்ப இனிப்பு. மாமாக் கடையில் தேடாதீர்கள், கோப்பிக் கடைகளிலும் அங்காடிகளிலும் கிடைக்கும். சதையைச் சீவி ஊறப்போட்டு விற்பதையும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தால் பஸ்ஸில் வாந்தி வருகிற பிள்ளைகளின் வாயில் போடலாம், எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம்.

கேள்வி: கடையில் சாப்பிட்டால் மொறுமொறு என்று இருக்கும் ரொட்டி சானாய், பொங்குஸ் பண்ணி (பொட்டலம் கட்டி) வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஜவ்வாக இழுக்கிறது. ஏன்? – பட்டர்வொர்த் வாசகி

பதில்: கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு மடித்துக் கட்டினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டிக்குள்ளேயே இறங்கிவிடும். 'காரிங்' என்று கொஞ்சம் கூடுதலாகச் சுடச் சொல்லுங்கள், சுட்டதும் இரண்டு கையாலும் நடுவே தட்டி அடுக்குகளைப் பிரிப்பார்களே, அதைச் செய்யாமல் அவசரத்தில் மடிக்க விடாதீர்கள், ஆவி போவதே அந்தத் தட்டலில்தான். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், தாளில் சுற்றி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும். வீட்டில் மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் ஜவ்வாகும், எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் காட்டிவிட்டு நீங்களே ஒரு தட்டுத் தட்டுங்கள். பருப்புக் குழம்பு ஆறினால் இறுகிவிடும், அதற்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.