கேள்வி – பதில்: உடையார்குடிக் கல் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் சிற்றரசர்கள் கூடி மதுராந்தகனை அரியணையில் ஏற்றத் திட்டமிடுகிறார்கள். இந்தச் சதிக்கு வரலாற்றில் இடம் உண்டா?

பதில்: கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம் கல்கியின் கற்பனை, அந்தக் கூட்டத்தைக் கூட்டிய அரசுரிமைச் சிக்கல் கற்பனையன்று. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் இறந்தபின் பட்டம் கண்டராதித்தனுக்கு வந்தது; அவர் மறைந்தபோது மகன் சிறுவனாக இருந்ததால் அது தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. சுந்தர சோழன் தன் மூத்த மகன் ஆதித்த கரிகாலனை இளவரசனாக்கியிருந்த காலத்தில், கண்டராதித்தனின் மகன் மதுராந்தகனும் வளர்ந்து தன் உரிமையை நினைக்கும் வயதை எட்டியிருந்தான்.

பழுவேட்டரையர்களும் உண்மையான சிற்றரசர்களே. ஆனால் அன்பில் செப்பேட்டின்படி அரிஞ்சயனின் தாயே பழுவேட்டரையர் மகள். தாய்வழி உறவைக் கொண்டு பார்த்தால் அவர்கள் சுந்தர சோழனின் கிளைக்குத்தான் நெருக்கமானவர்கள். கல்கி அவர்களை எதிர் அணியில் நிறுத்தியது கதையின் தேவைக்காக. நிறுத்தாதிருந்தால் பெரிய பழுவேட்டரையர் என்ற அருமையான பாத்திரம் நமக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நாவலை இருமுறை படித்தும் தெளிவு கிடைக்கவில்லை.

பதில்: மூன்றாம் முறை படித்தாலும் கிடைக்காது, ஆசிரியர் வேண்டுமென்றே அதை மூடுபனியில் விட்டிருக்கிறார். கல்வெட்டோ பெயர்களை வெளிப்படையாகவே தருகிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள அந்தக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், மற்றொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைக் குறிக்கிறது. அவர்களுடைய மக்கள், மாமன்மார், அவர்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள் என்று உறவு வட்டம் முழுவதன் உடைமையையும் பறிமுதல் செய்யும் அரசாணை அதில் இருக்கிறது.

இந்தப் பெயர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரமாதிராசன் என்பது உயர் பதவியில் இருந்த அந்தணர்களுக்கு அரசன் வழங்கும் பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும்; இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பட்டம். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் பாண்டியப் பெயரையும் மற்றவர் சோழப் பெயரையும் தாங்கி நிற்கிறார்கள். நாவலில் இரவிதாசன் காட்டிலும் பாழடைந்த இடங்களிலும் மறைந்து திரியும் பாண்டிய ஆபத்துதவி, அதாவது மன்னனுக்காக உயிரையும் கொடுக்க உறுதி பூண்ட மெய்க்காவலன். கல்லில் அவன் பட்டமும் நிலமும் உடைய அதிகாரி. ஆதித்த கரிகாலன் கொண்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலைக்குப் பழி வாங்கியவர்கள் என்ற நாவலின் விளக்கம் பொருந்தக்கூடியதே. ஆனால் கொலையாளிகள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணத்தைக் கல்வெட்டு ஆதரிக்கவில்லை.

அந்தக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது நில ஆவணம். பறிமுதலான நிலம் கைமாறி ஓர் அறத்துக்கு வைக்கப்பட்டதால், அந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் ஓர் இளவரசனின் கொலை பத்திரத்தின் முன்கதையாகக் கல்லில் ஏறியது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பதெல்லாம் நிலத்தை வாங்குபவருக்குத் தேவைப்படாத செய்திகள்.

கேள்வி: அப்படியானால் ஏவியவர், சுந்தர சோழனுக்குப் பின் உத்தம சோழர் என்ற பெயரில் ஆண்ட அந்த மதுராந்தகன்தானா?

பதில்: வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் அவர்மீது ஐயம் கொண்டார், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். ஐயத்துக்குக் காரணம் காலக் கணக்கு. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. கல்வெட்டோ இராசகேசரி ஒருவரின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் பூண்டதாலும், உத்தம சோழர் பரகேசரி என்பதாலும், அது உத்தம சோழருக்குப் பின் 985-இல் முடிசூடிய இராசராசனின், அதாவது ஆதித்த கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மனின், கல்வெட்டே ஆகும். இடைப்பட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் உத்தம சோழர் ஏன் வாளாவிருந்தார் என்பதே கேள்வி. கொலையாளிகள் முன்பே தண்டிக்கப்பட்டு, உறவினரின் நிலம் மட்டும் பின்னர் பறிக்கப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனிடம் பொறுப்பான அதிகாரியாக இருந்திருக்கிறான். தமையனைக் கொல்வித்தவரின் மகனுக்கு எந்த அரசனும் அத்தகைய பொறுப்பைத் தரமாட்டான்.

நாவலை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். இந்தச் சிக்கலைக் கல்கி தீர்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. சதிக்கு உடன்பட்ட மதுராந்தகனையும் ஆட்சி செய்த உத்தம சோழரையும் அவர் இரு வேறு மனிதர்களாக்கிவிட்டார். பூமாலை கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் முடிசூடுகிறான். வரலாற்றில் ஒரே ஆள்மீது விழுந்த ஐயத்தையும் மதிப்பையும் தனித்தனியே பிரித்துக் கொடுக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

கேள்வி: நாவலில் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியாக வரும் நந்தினி வரலாற்றில் இருந்தாரா?

பதில்: இல்லை. கல்வெட்டு விட்டுச்சென்ற ‘ஏன்’ என்ற இடைவெளியில் நாவலாசிரியர் வைத்த பெண் அவர்.

கேள்வி: அருள்மொழிவர்மன் மணிமுடியை விட்டுக்கொடுத்தது உண்மையா?

பதில்: சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரை அருள்மொழி மனத்தாலும் அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அது அவருடைய மகன் இராசேந்திரன் காலத்தில் எழுதப்பட்ட புகழுரை என்பதை மறக்கலாகாது. குடிமக்கள் வேண்டியும் மறுத்தார் என்ற செய்தி உயர்ந்த பண்பையும் காட்டலாம். இரு கிளைகளும் செய்துகொண்ட உடன்பாட்டையும் நாகரிகமாக மறைக்கலாம். உத்தம சோழரே அருள்மொழியை இளவரசுப் பட்டத்தில் அமர்த்தினார் என்றும் அதே செப்பேடு சொல்வதால், நான் உடன்பாட்டின் பக்கம் சாய்கிறேன். நாவல் தியாகத்தின் பக்கம் சாய்ந்தது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு ஓர் உடன்படிக்கையை முடிவாகக் கொடுத்திருக்க முடியாது.

கேள்வி: உடையார்குடிக்குப் போக விரும்புகிறேன். அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: கடலூர் மாவட்டத்தில், வீராணம் ஏரிக்கு அருகில் இருக்கிறது. கல்வெட்டில் வரும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் இன்றைய காட்டுமன்னார்கோயிலே. கோயிலைப் பார்த்த பிறகு ஏரிக்கரையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதாக நாவல் தொடங்குவது அந்தக் கரையில்தான். கொலையாளிகளின் உறவினரிடம் நிலம் பறித்த ஊரின் வழியாகவே கல்கி தம் வீரனைக் கதைக்குள் அழைத்து வருகிறார்.