நடந்தும் எடை குறையவில்லை, நடையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. நான்கு மாதங்களாக வாரத்தில் ஐந்து நாள், தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். இதுவரை குறைந்தது ஒரே ஒரு கிலோ. முன்பெல்லாம் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், இப்போது அப்படி இல்லை. ஆனாலும் எடை இறங்காததால் வெறுத்துப் போகிறது. என் கணவர் ஒல்லியாக இருப்பார், எந்த உடற்பயிற்சியும் செய்வதில்லை. 'எனக்கு எதற்கு அதெல்லாம்?' என்கிறார். பலன் இல்லாத நடையை விட்டுவிடலாமா?

டாக்டர் பதில்:

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரண்டு மாடி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. இந்த நான்கு மாதத்தில் உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தை வெளியேற்றப் பழகியிருக்கிறது. கால் தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகியிருக்கும், தசை செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடியிருக்கும். அதனால்தான் அதே படிகளை ஏற இப்போது இதயம் அவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டியிருப்பதில்லை. எடை பார்க்கும் மெஷின் இதில் எதையும் காட்டாது.

சரி, எடை ஏன் இறங்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எடையில் உள்ளவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். உடலில் சேர்ந்த கொழுப்பில் ஒரு கிலோ கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். நான்கு மாதத்தில் நீங்கள் நடந்த நாட்கள் எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் வரும். அப்படியென்றால் 17,000 கலோரி, அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம். சாப்பாடு துளிகூடக் கூடாமல் இருந்தால் கிடைத்திருக்கக்கூடியதே அவ்வளவுதான். நடந்துவிட்டு வந்ததும் பசி கொஞ்சம் கூடும். 'இன்றைக்குத்தான் நடந்தாயிற்றே' என்று மீதிப் பொழுதில் அதிகம் உட்கார்ந்துவிடுவோம். இது எல்லோருக்கும் நடப்பதுதான். இதற்கு நடுவே ஒரு கிலோ குறைந்திருப்பதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

எடையைக் குறைப்பதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குத்தான். 200 கலோரியை நடந்து செலவழிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒரு இனிப்புப் பண்டத்தில் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. ஆனால் உடல்தகுதி சாப்பாட்டால் வராது, உடலை அசைத்தால்தான் வரும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதால்தான் பலரும் மூன்றாவது, நான்காவது மாதத்தில் நடையைக் கைவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும், ஏனென்றால் அவர்களுடைய ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்போதுதான் சரியாகத் தொடங்கியிருக்கும்.

உங்கள் கணவருக்காக ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. கண்டக்டர்கள் ஒல்லியாக இருந்ததால்தானோ என்ற சந்தேகம் வந்தது. அதற்கு அவர் அவர்களுடைய சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்தார். கண்டக்டர்களின் இடுப்பு சிறியதுதான். ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும், பருமனானவர்களைப் பருமனானவர்களோடும் ஒப்பிட்டாலும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. ஆகவே 'நான் ஒல்லி, எனக்கு எதற்கு' என்பது சரியான வாதம் அல்ல. ஒல்லியானவர்களுக்கும் ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேரும், உட்கார்ந்தே இருந்தால் வயது ஏற ஏறத் தசையும் கரையும். அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். அப்படியே அவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதனால் உங்கள் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. 78 கிலோ உங்கள் உயரத்துக்கு அதிகம்தான், முழங்கால்கள் அதைச் சுமக்கின்றன. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஒரேயடியாக இருபது கிலோவை நினைத்து மலைக்க வேண்டாம். இப்போதைய எடையில் 5 சதவீதம், அதாவது நான்கு கிலோ குறைந்தாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். தட்டில் போடும் அளவைச் சற்றுக் குறையுங்கள், இனிப்பான பானங்களை நிறுத்துங்கள். பட்டினி மட்டும் கிடக்க வேண்டாம், கொழுப்போடு தசையும் போய்விடும்.

அந்தத் தசைக்காகத்தான் உங்கள் பயிற்சியில் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. நீங்கள் 225 நிமிடம் நடக்கிறீர்கள், அது போதும். ஆனால் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. வீட்டிலேயே செய்யலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு இன்னொரு பத்து. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும், தசைகளில் நீர் கோத்து எடை அரை கிலோ அதிகமாகக்கூடத் தெரியலாம். அது கொழுப்பு இல்லை. நடையைப் பொறுத்தவரை பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியானது.

எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அதைவிட முக்கியமாக, மாதம் ஒருமுறை வயிற்றின் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டதும் டேப் வைத்து அளக்க வேண்டும். அது உயரத்தில் பாதிக்குள், உங்களுக்கு 79 செ.மீ.க்குள் வருவது நல்லது. உடற்பயிற்சி முதலில் கரைப்பது பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைத்தான். அதனால் எடை அசையாத மாதத்திலும் டேப் இறங்கியிருக்கலாம்.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தலைசுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எப்போதும் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாய் மாற்றம் இருந்தால் தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சர்க்கரை நோய்க்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். அப்படி ஏதேனும் இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.