கருவில் புகும் உலோகம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு இது ஆறாம் மாதம். கருவிலேயே ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவை எட்டிவிட்டால் குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. தலைமுடியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் பொடி என்று தோழி ஒன்று அனுப்பியிருக்கிறாள். சாப்பிடலாமா? அறியாமல் என் குழந்தைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பொடியைக் குப்பையில் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். இந்த மாதிரிப் பொடிகள் சிலவற்றிலேயே ஈயமும் பாதரசமும் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு படிக்கிறவர், வயிற்றில் பிள்ளையோடு, தோழி சொன்னாள் என்று எதையாவது விழுங்குவீர்களா? முடிச் சோதனையும் வீண், வெளியே ஒட்டியதையும் உள்ளே போனதையும் அது சரியாகப் பிரித்துக் காட்டாது. ஈயத்துக்கு ரத்தம், ஆர்சனிக்குக்குச் சிறுநீர். அதுவும் தேவையா என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தம்பி 34 வயதில் ரத்தப் புற்றுநோயில் போனான். பல வருடம் கழித்து நான் ஈயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, அது நஞ்சுக்கொடியை எளிதாகத் தாண்டும், தாயின் எலும்பில் வருடக்கணக்கில் தங்கிக் கிடந்து கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்கு வரும் – எல்லாம் சரியான தகவல்தான், எழுதியதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு வந்து நின்று, “அவன் வயித்துல இருந்தப்போ நான் ஜன்னல் பெயிண்டைச் சுரண்டினேன்டா” என்றாள்.

ஈயத்தையும் அவன் நோயையும் முடிச்சுப் போடச் சான்று போதாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டினாள், நம்பவில்லை. தாய்மீது தவறு என்று நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஆனால் திரும்பப் படித்தபோது எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் தாய்தான். தாய் குடித்தால், தாய் சுவாசித்தால், தாய் தொட்டால்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த செய்திக்கு வலுவான மனிதச் சான்று சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டாவிலிருந்து வருகிறது. பாலைவன நகரம், குடிக்க வேறு நீர் கிடையாது. 1958ல் புதிதாக ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்சனிக். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் அளவு 10. சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1970ல். அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் முப்பது, நாற்பது வயதுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தது, சிலியின் மற்றப் பகுதிகளைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. (அந்த வயதில் அரிய நோய், ஆகவே ஆறு மடங்கானாலும் சிறிய எண்ணிக்கைதான். தலைப்புச் செய்திகள் இதைச் சொல்வதில்லை.) அவர்கள் கருவில் மட்டுமல்ல, பிறந்த பிறகும் அந்த நீரைத்தான் குடித்தார்கள். கருவுக்குள் நடப்பதைத் தனியே காட்டியது எலிகள்: 2003ல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் வால்க்ஸின் குழு கர்ப்பமான சுண்டெலிகளுக்குப் பத்து நாள் மட்டும் ஆர்சனிக் நீர் கொடுத்தது, குட்டிகளுக்கு அதன்பின் எதுவும் கொடுக்கவில்லை, வளர்ந்ததும் கட்டிகள் வந்தன.

சரி, அந்த நகரத்தில் எந்தத் தாய் என்ன செய்திருக்க முடியும்? நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, காய்ச்சினால் போவதற்குப் பதில் இன்னும் செறியும். அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு எழுவாய் யார்? நீரைச் சோதிக்காமல் குழாயைத் திறந்துவிட்டவர்களா, அதன்முன் குடத்தோடு நின்றவளா? அம்மாவிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், நானோ சான்றின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

காட்மியத்தைப் பெருமளவு நஞ்சுக்கொடியே பிடித்து வைத்துக்கொள்ளும். சிகரெட் புகையிலும் அது உண்டு, ஆகவே புகைபிடிப்பவர் பக்கத்தில் உட்காராதீர்கள், அது போதும். கிணறோ ஆழ்துளைக் குழாயோ என்றால் நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அந்தப் பழைய கட்டுரையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன், ஒவ்வொரு வாக்கியமாக எழுவாயை மாற்றிக்கொண்டிருக்கிறேன், நினைத்ததைவிடக் கஷ்டமான வேலை.

பொடியைப் போட்டுவிட்டீர்கள்தானே?