‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 46 வயது. தினமும் அரை மணி நேரம் நடப்பதோடு சரி. பாலைவனக் கேன்யன் (செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள ஆழமான பள்ளத்தாக்கு) ஒன்றில் குழுவாக நடக்கும் பயணத்துக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ‘புதியவர்களுக்கு ஏற்றது, 8 கிலோமீட்டர், 4 மணி நேரம்’ என்கிறது விளம்பரம். பாதியில் முடியாமல் போய் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயம். போகலாமா?

பதில்: போகலாம். தினமும் நடக்கிறவருக்கு 8 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள், வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த 8 கிலோமீட்டர் எப்படிப்பட்டது என்று கேட்டீர்களா? காய்ந்த, கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையில் செலவாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். நடை மேலே தொடங்குகிறதா, அடியில் தொடங்குகிறதா என்பதும் முக்கியம். மலையில் முதலில் ஏற்றம், களைத்தபின் இறக்கம். மேலிருந்து கேன்யனுக்குள் போகும்போது இது தலைகீழ். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான். திரும்பி ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி என்று கணக்கு வையுங்கள். வெயில் காலத்தில் காலை 10 மணிக்குக் கிளம்பும் குழு என்றால் வேண்டவே வேண்டாம்.

‘எளிது’, ‘புதியவர்களுக்கு’ என்று போடுவதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. விற்கிறவர் எழுதுவதுதான். அதனால் நான் யாரையும் முதலில் கேட்கச் சொல்வது இது: பணம் வாங்குகிறவரும் கூட நடக்கப்போகிறவரும் ஒரே ஆளா? பெரும்பாலும் இருக்காது. நடுவில் ஒரு தரகர், அவருக்குக் கீழே இன்னொருவர். நான் வழிகாட்டியாகப் போன ஒரு பயணத்தில் 10 பேர் என்றார்கள், காலையில் வந்து இறங்கியது 22 பேர். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்த ஒருவரிடம் “சமதரைதான், பார்க் மாதிரி” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சோதிக்க வந்த அதிகாரி, ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ படிவத்தில் 22 கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போய்விட்டார். எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்து, மழை எச்சரிக்கையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். இது பண விஷயம் மட்டுமில்லை. திருப்பித் தராத பயணத்தில், “வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, போய்விடலாம்” என்று நீங்களே சொல்வீர்கள். 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டெலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் 11 பேரின் உயிரைக் கொண்டுபோனது. மழை கொட்டியது அந்த இடத்தில் அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலத்தில். குறுகலான பாறை இடுக்கில் வரும் தண்ணீருக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. மேல்பகுதி முழுவதற்கும் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்தான் வழிகாட்டி.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, கூடவே உப்புள்ள தின்பண்டம். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம் எல்லாம் வரும். பார்த்தால் வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிறுநீரைக் கூட்டும் மாத்திரையாக இருந்தால் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரையும் உப்பையும் அளந்து சாப்பிடச் சொல்லியிருந்தால் நான் சொன்ன அளவே ஆபத்து. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் “நடக்கலாமா?” என்று மட்டும் கேட்டால் “நல்லதுதானே” என்பார். வெயிலில் நான்கு மணி நேரம், இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உப்பு என்று சொல்லிக் கேளுங்கள்.

சரி, பாரமாகிவிடுவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஒழுங்கான குழுவில் வேகத்தை முடிவு செய்வது கடைசியில் வருகிறவர்தான், அவருக்குப் பின்னால் இன்னொரு வழிகாட்டி நடப்பார். “ஒருவரால் முடியாமல் போனால் அவரோடு யார் திரும்புவார்கள்?” என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் பணம் கட்டலாம். “அப்படியெல்லாம் ஆகாது சார்” என்றால் வேறு குழுவைத் தேடுங்கள்.