விமான நிலைய வேலைக்கு ஏரோநாட்டிக்கல்தான் படிக்கணுமா?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 187. ஏர்போர்ட்டில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். கொழுந்தனார் சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏரோநாட்டிக்கல் சீட் பேசி வைத்துவிட்டார். ஹாஸ்டலோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 18 லட்சம். இரண்டு ஏக்கரை அடமானம் வைக்க வீட்டுக்காரரும் தயார். "இவளோ மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று, போன் காட்டுகிற அட்சரேகை, தீர்க்கரேகையைக் காலையிலும் ராத்திரியிலும் நோட்டில் எழுதுகிறாள். நிற்கிற இடம் மாறவில்லையே, எண் ஏன் மாறுகிறது என்று கேட்கிறாள். இவள் தேறுவாளா?"

தேறுவாள், அம்மா. அந்த ஏரோநாட்டிக்கல் சீட் வேண்டாம்.

ஏரோநாட்டிக்கல் கெட்ட படிப்பு இல்லை. இறக்கை, எஞ்சின், காற்றோட்டம் பற்றிய படிப்பு அது. பெயரில் விமானம் இருப்பதால் ஏர்போர்ட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் எலக்ட்ரானிக்ஸ் பணிக்கு ஆள் எடுக்கும்போது எலக்ட்ரானிக்ஸ், டெலிகம்யூனிகேஷன், அல்லது எலக்ட்ரானிக்ஸைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எலக்ட்ரிக்கல் பட்டம் கேட்கிறது. அந்தப் பட்டியலில் ஏரோநாட்டிக்கல் இல்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கோ, இயற்பியலும் கணிதமும் படித்த எந்த இன்ஜினீயரும் விண்ணப்பிக்கலாம். ஆக, 18 லட்சம் கொட்டியும் ஒரு கதவு மூடியிருக்கும். திறந்திருக்கிற கதவுக்கு அந்தச் செலவே தேவையில்லை. பைலட், ஏர்ஹோஸ்டஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றியெல்லாம் தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடுவதே ஒரு வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். வழியில் அயனி மண்டலம் (வெயிலால் மின்னேற்றம் பெற்ற மேல்வளி அடுக்கு) சிக்னலைத் தாமதப்படுத்துகிறது, அதனால் பல மீட்டர் தவறு வருகிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு அது பொருட்டில்லை. மழை மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி இறங்குகிற விமானத்துக்கு அப்படியில்லை.

இதைச் சரிசெய்ய விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்ததுதான் ககன். நாடு முழுக்க 15 ஆதார நிலையங்கள். ஜம்மு, ஜெய்சல்மர், திப்ருகர், போர்ட் பிளேர் வரை பரவியிருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். நிலையத்து ஆன்டெனா நிற்கிற இடத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாக முன்பே அளந்து வைத்திருப்பார்கள். ஜிபிஎஸ் சொல்கிற தூரத்துக்கும் உண்மையான தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மாடியில் உங்கள் பெண் செய்வதையே அணுக்கடிகாரம் வைத்து விநாடிக்கு விநாடி செய்கிறார்கள். (போனில் வருகிற மாற்றத்துக்குச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் திரும்பும் சிக்னலும் பெரிய காரணம். தொட்டியை விட்டுத் தள்ளி நின்று எழுதச் சொல்லுங்கள்.)

அந்தக் கணக்கெல்லாம் ஆப்டிக் ஃபைபரிலும் வீசாட் என்கிற செயற்கைக்கோள் இணைப்பிலும் பெங்களூரு குந்தலஹள்ளியில் உள்ள தலைமைக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கே திருத்தம் தயாராகும். பெங்களூரு, டெல்லி ஏற்று நிலையங்கள் அதை ஜிசாட் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். விநாடிக்கு 250 பிட் கொண்ட ஒரு செய்தி, அதில் 24 பிட் பிழை பிடிப்பதற்கே. ஜிபிஎஸ் வருகிற அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் இதுவும் வருவதால், ககன் வசதியுள்ள ரிசீவர் இரண்டையும் ஒரே ஆன்டெனாவில் வாங்கிக்கொள்ளும்.

திருத்தம் சொல்வது பாதி வேலைதான். "இப்போது என்னை நம்பாதே" என்று உடனே சொல்வதில்தான் பொறுப்பு இருக்கிறது. 2015 ஏப்ரலில் ககனுக்குக் கிடைத்த ஏபிவி-1 சான்றின் (இறங்கும் விமானத்துக்கு உயர வழிகாட்டலும் தரலாம் என்ற அனுமதி) நிபந்தனையைப் பாருங்கள். தவறு பக்கவாட்டில் 40 மீட்டரையோ, உயரத்தில் 50 மீட்டரையோ தாண்டினால் 10 விநாடிக்குள் விமானிக்கு எச்சரிக்கை போயாக வேண்டும். போகாமல் விடுபடும் வாய்ப்பு ஒரு கோடி இறக்கத்துக்கு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இந்த வழிகாட்டலில் இறங்கிக் காட்டியது. ஓடுபாதையோரம் ஐஎல்எஸ் (இறங்கும் விமானத்துக்கு ரேடியோ அலையில் வழிகாட்டும் கருவி) நடப் பணமில்லாத சிறு ஊர்களுக்கு இது பெரிய உதவி.

இதில் கெட்டுப்போவது என்ன? ஆன்டெனா பக்கத்தில் புதிதாக ஒரு ஷெட் போட்டால் சிக்னல் அதில் பட்டு எதிரொலித்து அளவைக் கெடுக்கும். கேபிள் கனெக்டரில் ஈரம் இறங்கினால் சிக்னல் பலம் குறையும், ஆனால் முழுதாக அறுந்துபோகாது. அதனால்தான் கண்டுபிடிப்பது சிரமம். எல்லாவற்றுக்கும் மேல் நம் வானம். பூமியின் காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கிற கோடு) திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. பகலில் அங்கே மேலெழும் மின்துகள்கள் வடக்கே அகமதாபாத், கொல்கத்தா பக்கம் போய்க் குவிகின்றன. சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் மின்துகள் குறைந்த குமிழிகள் கிளம்பினால் சிக்னல் துடிக்கும், ரிசீவர் பிடியை விட்டுவிடும். அயனித் தாமதத்துக்கான அமெரிக்காவின் கணக்கு முறை இங்கே அப்படியே ஒத்துவராது என்பதால் இஸ்ரோ பல அடுக்கு அயனி மாதிரி ஒன்றைத் தனியாக உருவாக்கியது. இந்த ஆராய்ச்சியில் மனம் போனால், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டு ஆய்வகம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தும் அந்தப் பக்கம் போகலாம்.

இந்தக் கருவிகளைப் பராமரிப்பவர்கள்தான் ஆணையத்தின் எலக்ட்ரானிக்ஸ் அதிகாரிகள். ரேடார், ஐஎல்எஸ், விமானியோடு பேசும் ரேடியோ எல்லாம் இவர்கள் பொறுப்பு. சமீப ஆண்டுகளில் கேட் (இன்ஜினீயரிங் முடிப்பவர்கள் எழுதும் அகில இந்தியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள். வயது வரம்பு 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. பயிற்சிக்குப் பிரயாக்ராஜில் ஆணையத்தின் கல்லூரி இருக்கிறது. ஷிப்ட் உண்டு, இரவு உண்டு. திப்ருகருக்கு மாற்றல் வரலாம், இந்தி பேசப் பழக வேண்டியிருக்கும். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரமா" என்று கொழுந்தனார் ஆரம்பிப்பார். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவள் உங்கள் மகள், அவரல்ல.

ஒரு எச்சரிக்கை: இடங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் வராது, போட்டியும் கடுமை. இது ஒன்றையே நம்பச் சொல்லவில்லை. அதே எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இசிஇ) பட்டமும் கேட் மதிப்பெண்ணும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் எம்.டெக்.குக்கும் ஆகும், இஸ்ரோ தேர்வுக்கும் இந்தப் பட்டம் போதும். எதுவும் அமையாவிட்டாலும் தனியார் வேலைக்குப் போகலாம். ஏரோநாட்டிக்கலில் தவறினால் கையில் அடமானப் பத்திரம்தான் மிஞ்சும். நிலத்தில் கை வைக்காதீர்கள், இதில் பேச்சே இல்லை. "ஆறு மாதத்தில் ஏவியேஷன் டிப்ளமோ, வேலை உறுதி" என்று லட்சக்கணக்கில் கேட்கிற இடங்கள் பக்கமும் போக வேண்டாம். அந்தச் சான்றிதழுக்கு இந்தப் பணியில் மதிப்பில்லை.

பொறியியல் கலந்தாய்வில் இசிஇயை முதலில் வையுங்கள். திருநெல்வேலி, காரைக்குடி, கோவை, சேலம் அரசுக் கல்லூரிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் போடுங்கள். 187-க்கு எது கிடைக்கும் என்பது உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவையும் இந்த வருட ரேங்க்கையும் பொறுத்தது. பயந்துகொண்டு பிடித்த கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம். மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததற்குப் போகும், எழுதியதால் நஷ்டமில்லை. வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்குங்கள், கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கும். நீங்கள் எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. தலைமையாசிரியரிடம் அந்தப் படிப்புச் சான்றைக் கேட்டு வாங்கிவிட்டு, அதன் பிறகு கொழுந்தனாரிடம் பேசுங்கள்.