‘பாலைவன ரயர்’ வன்னிக்குச் சரிவருமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என்னிடம் 250 சீசீ யப்பான் ட்ரெயில் பைக் இருக்கிறது. வேலைக்கு முல்லைத்தீவு போய்வருவேன். லீவு நாளில் காட்டுப்பாதை, குளக்கட்டு, நாயாற்றுக் கடற்கரை என்று ஓடுவேன். இரண்டு ரயரும் தேய்ந்துவிட்டன. வவுனியாவில் ஒருவர், ‘டக்கார் பந்தயத்தில் போடுகிற பாலைவன ரயர், யப்பானில் கழற்றியது, சோடியாகத் தருகிறேன்’ என்கிறார். எடுக்கலாமா?”

எடுக்க வேண்டாம் தம்பி.

டக்கார் என்பது பாலைவனத்தில் பல நாள் ஓடுகிற வாகனப் பந்தயம். 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. அங்கே ஓடுகிற பைக்குகளின் ரயருக்குள் பெரும்பாலும் காற்றே இல்லை, நுரை வளையம்தான். அந்தப் பெயரைச் சொல்லி உங்களுக்கு விற்கப் பார்ப்பது யாரோ கழித்துவிட்ட ரயர்.

உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். வேலைநாள் முழுக்கத் தார் வீதி. லீவு நாளிலும் பெரும்பங்கு இறுகிய கிரவலும் செம்மண்ணும். மணல் நாயாற்றில் கொஞ்ச நேரம்தான். மணல் ரயரில் றப்பர்க் கட்டைகள் உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். மண்ணைத் தோண்டி உந்துவதற்கான அமைப்பு அது. கோடையில் கல்லாய் இறுகிக் கிடக்கும் கிரவலில் அந்தக் கட்டைகள் நெளியும், தார் வளைவில் வழுக்கும், கடைசியில் அடியோடு பிய்ந்து வரும்.

உங்களுக்கு வேண்டியது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ரயர். பின்சில்லுக்குக் கட்டைகள் நெருக்கமானதாகவும், முன்சில்லுக்கு அதைவிடச் சற்று இடைவெளி கூடியதாகவும் எடுங்கள். பின்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். பக்கச் சுவரில் ‘வீதிப் பாவனைக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் தொடவே வேண்டாம்.

அளவை இப்போதுள்ள ரயரைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். இந்த வகைப் பைக்குகளில் முன்னுக்கு 21 அங்குலமும் பின்னுக்கு 18 அங்குலமும்தான் வழக்கம். ‘பின்னுக்கு ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் வடிவு’ என்று கடையில் சொல்வார்கள். வடிவுதான், செயினில் உரசும்வரை.

இனி அந்த வவுனியாத் தரகர் சங்கதி. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3118 என்றால் 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. இதை ஒரு தரகரும் தானாகக் காட்டமாட்டார். கறுப்புப் பொலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார். கட்டையின் அடியை விரலால் வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்த றப்பர் காய்ந்துவிட்டது. கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் பிடிக்காது. தேய்ந்த ரயரைச் சூட்டுக் கத்தியால் வெட்டி ஆழமாக்கி விற்பதும் நடக்கிறது. பள்ளத்துக்குள் நூல் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். ‘சோடியாகத்தான் தருவேன்’ என்பது பின்ரயரின் வயதை முன்ரயருக்குப் பின்னால் ஒளிக்கிற வழி.

தொழிற்சாலை வண்டிகளுக்கான திட ரயர்களை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற நாடு இது. ஆனால் வன்னியில் ஒருவன் நல்ல 21 அங்குல ரயர் ஒன்று வாங்கக் கொழும்புக்கு ஓடர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். பழைய ரயரைத் திகதி மறைத்து விற்பவரை யாராவது பிடித்துக் கேட்டால் இவ்வளவையும் நான் எழுத வேண்டியதில்லை.

கடற்கரை மணலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே ரயரை மாற்றத் தேவையில்லை, காற்றைக் குறைத்தால் போதும். 15 பீஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் ரயர் அகன்று மணலில் மிதக்கும். அதற்கும் கீழே போகாதீர்கள். போனால் ரயர் றிம்மில் சுழன்று, ரியூப்பையும் இழுத்து, வால்வைப் பிய்த்துவிடும். கீழே போகத்தான் வேண்டுமென்றால் ரயரை றிம்மோடு இறுக்குகிற பூட்டுப் போட வேண்டும். குறைத்த காற்றோடு கிரவலில் ஒரு கல்லில் ஏற்றினாலும் ரியூப் றிம்மில் நசிந்து பக்கத்துக்கொன்றாய் இரண்டு ஓட்டை விழும். அதனால் பம்பும் காற்று அளக்கிற கருவியும் இல்லாமல் மணலுக்கு இறங்க வேண்டாம். தார் ஏற முன்பே பைக்கின் கைநூலில் சொன்ன அளவுக்கு அடித்துவிடுங்கள். ‘வீட்டுக்குப் போய் அடிப்போம்’ என்று அப்படியே வந்தால் ரயர் சூடேறும், வளைவில் பைக் தள்ளாடும்.

காட்டுப்பாதையில் உடைமுள் கிடக்கும், தடித்த ரியூப் போடுங்கள். மேலதிகமாக ஒரு 21 அங்குல ரியூப் கொண்டு போங்கள், அவசரத்துக்கு அதைப் பின்சில்லுக்கும் மடித்துப் போட்டு வீடு சேரலாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் மட்டும் எந்த ரயரோடும் போக வேண்டாம்.

ரயரைப் பூட்டும்போது அதிலுள்ள அம்புக்குறி சில்லு சுழலும் பக்கம் பார்க்கிறதா என்று நின்று பாருங்கள். பற்றுச்சீட்டில் அந்த நான்கு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றின பழைய ரயரைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். விட்டால் அதற்கும் சூட்டுக் கத்தி வைத்து வேறொருவர் தலையில் கட்டுவார்கள்.